கடல் ஏறிய உயரம்

புயல் கரையைக் கடந்த மறுநாள் நம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாக்கியம் உண்டு. பனைமர உயரத்துக்கு அலைகள் எழும்பின. எழுதும் நிருபர் அளந்து எழுதுவதில்லை. படிக்கும் நாமும் அளந்து படிப்பதில்லை. பனை என்றால் மிக உயரம், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடங்கள் பொதுப்பணித்துறையில் கண்மாய்களின் நீர்மட்டத்தை அளந்து பிழைத்தவன் என்பதால், அந்த வாக்கியத்தைச் சும்மா கடந்துபோக எனக்கு முடிந்ததில்லை. எந்தப் பனை? வடலியா, காய்த்த பனையா? சொல்வது அலையின் உச்சியையா, அலை நீங்கலாக நின்ற நீரின் மட்டத்தையா? அந்தப் பனை நின்ற மண் கடலுக்கு எத்தனை அடி மேலே இருந்தது?

இவை குதர்க்கமான கேள்விகள் என்று என் மனைவி சொல்வாள். வில்லாபுரத்தில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிக் கவலைப்படுபவர் நீங்கள் ஒருவர்தான் என்பாள். கடல் எங்களுக்கு வெகுதூரம். ராமேஸ்வரம் ரயில்பாதையில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த வெள்ளம் ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பித் தெருவுக்கு வருவதுதான். அது வடிந்த பின் சுவரில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்வரை அந்த வருடத்து மழையின் கணக்கு அங்கேயே எழுதியிருக்கும்.

இருந்தும், கடலைப் பற்றி மதுரைக்காரன் பேசக்கூடாது என்று சொல்லிவிட முடியாது. இந்த ஊரின் கதையே கடல் கொண்டதில் இருந்துதான் தொடங்குகிறது. முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டது என்கிறது களவியல் உரை. சங்கங்கள் இருந்த காலத்தை 4440, 3700, 1850 என்று வருடத்தோடு கணக்குச் சொல்லும் அந்த உரை, கடல் எவ்வளவு உயரம் வந்தது என்று சொல்லவில்லை. திருவிளையாடற் புராணத்தில் மதுரையை விழுங்க வரும் கடல்மீது உக்கிரபாண்டியன் வேலை எறிகிறான். கடல் வற்றி அவன் கணைக்கால் மட்டத்துக்கு இறங்குகிறது. எனக்குத் தெரிந்து நம் பழைய இலக்கியத்தில் கடல்கோளுக்கு ஓர் அளவு சொல்லப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான். அதுவும் வடிந்த பின் எவ்வளவு மிச்சம் என்ற அளவு. வந்தபோது எவ்வளவு என்பதைப் புராணமும் சொல்லவில்லை.

* * *

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது தனுஷ்கோடி. கதை அனைவருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. இரண்டு நாளில் கடும்புயலாயிற்று. ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கு நோக்கி நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியில் வவுனியாவைக் கடந்து, அன்றிரவு பாக் நீரிணைக்குள் இறங்கி, 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவில் தனுஷ்கோடியின் மேல் ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கலாம் என்பது பின்னால் செய்யப்பட்ட மதிப்பீடு. பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்துக்குச் சற்று முன்னால் ஆறு பெட்டிகளோடு கடலுக்குள் போயிற்று. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்பது அதிகாரபூர்வ எண். பயணச்சீட்டு வாங்காதவர்களையும் சேர்த்தால் இருநூறு வரை என்றார்கள். புயலில் மொத்தம் இறந்தவர்கள் 1800 பேர் அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. நடுவில் திறந்து மூடும் ஷெர்சர் தூக்குப்பகுதி மட்டும் தப்பியது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது.

கடல் எவ்வளவு உயரம் வந்தது? ஏழு மீட்டர் என்பது எங்கும் திரும்பத் திரும்ப எழுதப்படும் எண். வேறு சில பதிவுகள் அதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. ஒரே இரவு, ஒரே கடல். எண்கள் மட்டும் வேறு.

எண்ணில் என்ன இருக்கிறது, போன உயிர் போனதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் விட்டிருப்பேன், எதிர்வீட்டு அண்ணன் கேட்காமல் இருந்திருந்தால்.

* * *

அவர் ரயில்வேயில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம். இப்போது இல்லை. இளம்வயதில், 1965இன் தொடக்கத்தில், பாம்பன் பாலத்தைத் திருப்பிக் கட்டும் வேலைக்குப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். அப்போது முப்பத்திரண்டு வயதுப் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அந்த வேலை 46 நாட்களில் முடிந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கடலடியில் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். அண்ணன் அதைப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சங்கிலியையும் கப்பியையும் பற்றிப் பேசுவார். குளிரைப் பற்றிப் பேசுவார். அத்தோடு நிறுத்திக்கொள்வார்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு சில வாரங்கள் எங்கள் தெருவில் எல்லோரும் தொலைக்காட்சியின் முன்னால் இருந்தோம். ஒருநாள் மாலை அவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். நாகப்பட்டினத்தில் யார் யாரோ வந்து சுவர்களை அளந்துகொண்டு போகிறார்களாமே, எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அண்ணன் தனுஷ்கோடியில போர்ட்டரா இருந்தான் தம்பி" என்றார். பத்து வருடத்துக்கு மேல் எதிரெதிரே குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வருகிறவர்களின் பெட்டிகளை ரயிலுக்குச் சுமந்து மாற்றும் வேலை. நிலையத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. உடல் கிடைக்கவில்லை. பாலத்து வேலைக்குத் தான் பெயர் கொடுத்ததே அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றுதான் என்றார்.

"நீங்க தண்ணி அளக்கிற ஆளு. ஒண்ணு கேக்குறேன். அந்த வீட்டு மோடு பதினஞ்சு அடி இருக்கும். நான் போயிருக்கேன், நின்னு பாத்திருக்கேன். அவன் நல்லா ஏறுவான். அண்ணைக்கு ஓட்டு மேல ஏறியிருந்தா பொழச்சிருப்பானா?"

ஏழு மீட்டர் என்று புத்தகங்களில் போட்டிருக்கிறதே அண்ணே என்றேன்.

"அத எவன் அளந்தான்? அங்க இருந்தவன் எவனும் இல்ல. போய் அளந்தவன் எவனும் அங்க இருக்கல."

நாற்பது வருடமாக அந்தக் கணக்கை அவர் தனியாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த உயரம் அவருக்கு, தன் அண்ணன் செய்திருக்கக்கூடிய ஒரு காரியம் செய்யாமல் விடப்பட்டதா இல்லையா என்ற கேள்வி.

* * *

போன பின் வந்து அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்மாய் வேலையில் நாங்கள் செய்ததும் கடற்கரையில் செய்வதும் அடிப்படையில் ஒன்றுதான்.

தண்ணீர் எங்கே நின்றாலும் ஒரு தடம் விடும். வண்டலின் மெல்லிய கோடு, ஒட்டிக்கொண்ட புல்விதை, மரக்கிளையில் சிக்கிய வைக்கோல், மரப்பட்டையில் உராய்வு. கலிங்கு உடைந்த கிராமங்களில் முதலில் கிழவர்களைத்தான் விசாரிப்போம். ஒருவர் தொடையைத் தொட்டுக் காட்டுவார். இன்னொருவர் கோயில் திண்ணையின் இரண்டாவது படி என்பார். படியைச் சொல்பவரை நாங்கள் அதிகம் நம்புவோம். தொடை ஆளுக்கு ஆள் மாறும், படி மாறாது. பிறகு அந்தப் படியிலிருந்து டம்பி லெவலை வைத்து, ஸ்டாஃபைப் பிடித்து, தெரிந்த ஒரு மட்டம் வரை இழுத்துக்கொண்டு போவோம். அந்தத் தெரிந்த மட்டத்துக்குப் பெஞ்ச் மார்க் என்று பெயர். இந்தியாவில் இருக்கும் பெஞ்ச் மார்க்குகளின் அடியில் இருப்பது, 1909இல் முடிந்த பெரிய அளவீட்டில் ஒன்பது துறைமுகங்களில் பதிவான கடல்மட்டங்களின் சராசரி. அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதன் வேர் இதுதான். ஆகவே மதுரைக் கண்மாயின் மடையை அளந்தபோதும் நான் நாகப்பட்டினத்துக் கடலிலிருந்துதான் அளந்துகொண்டிருந்தேன்.

கடற்கரையில் கூடுதலாக ஒரு சிக்கல். கண்மாய் நீர் நிற்கும், கடல் நிற்காது. புயலின்போது இரண்டு காரியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. முதலாவது, கடலின் மட்டமே ஏறிவிடுவது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் எழும். அழுத்தம் ஐம்பது மில்லிபார் விழுந்தாலும் அதனால் வருவது அரை மீட்டர்தான். பெரும்பங்கு காற்றுடையது. பல மணி நேரம் ஒரே திசையில் வீசும் காற்று கடலின் மேல்நீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வரும். ஆழமான கடலில் அந்த நீர் அடிவழியாகத் திரும்பி ஓட இடம் இருக்கும். ஆழம் குறைந்த கடலில் இடம் இல்லை; குவிய வேண்டியதுதான். பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் ஆழம் மிகக் குறைந்தது. அதன் தெற்கு வாயை ராமேஸ்வரம் தீவும் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இரண்டாவது, ஏறிய அந்த மட்டத்தின் மேல் அலைகள் அடிப்பது. இங்கே ஒரு விதி உண்டு. நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் ஓர் அலை உயர முடியாது, உயர்ந்தால் உடைந்துவிடும். சாதாரண நாளில் கரைக்கு வரும் அலை சிறியதாக இருப்பது இதனால்தான். கடல்மட்டம் ஏறிக் கரையிலேயே நான்கு மீட்டர் ஆழம் ஆகிவிட்டால், மூன்று மீட்டர் அலை உடையாமல் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அதனால் அளப்பவர்கள் இரண்டையும் பிரித்து எடுக்க வேண்டும். கதவு சாத்திய ஓர் அறைக்குள் சுவரில் இருக்கும் கோடு, அலை நீங்கிய நீர்மட்டத்தைச் சொல்லும். உள்ளே அலை அடங்கிவிடுவதால் அந்தக் கோடு மெல்லியதாக, நேராக இருக்கும். அதே வீட்டின் கடலைப் பார்த்த வெளிச்சுவரில் இருக்கும் கறை அதைவிட மேலே, கந்தலாக இருக்கும். அது அலை தெறித்த உயரம். உள்நாட்டில் குப்பையும் கிளிஞ்சலும் ஒதுங்கிக் கிடக்கும் கடைசி வரிசை, நீர் எதுவரை ஓடி ஏறியது என்பதைச் சொல்லும். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு எண்கள். இவற்றில் எதை எழுதினோம் என்று சொல்லாமல் எழுதிய எண்ணால் பயன் இல்லை. அந்த நேரத்து ஓதத்தையும் கழிக்க வேண்டும். 1964 டிசம்பர் 19 அன்று பௌர்ணமி, சந்திர கிரகணமும்கூட. மூன்று நாள் கழித்துப் புயல் வந்தபோது ஓதம் இன்னும் வலுவாகத்தான் இருந்திருக்கும். பாம்பன் பகுதியில் ஓதம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரம். அடுத்த மழை வந்தால் தடம் கழுவிப்போகும். மழை வராவிட்டாலும் மனிதர்கள் கழுவிவிடுவார்கள். செத்தவர் வீட்டில் முதலில் செய்வது சுவரைக் கழுவுவதுதானே? 2005 ஜனவரியில் நாகைப் பக்கம் அளக்கப் போனவர்கள், அழுதுகொண்டிருப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சுவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கத்தான் வேண்டும். இந்த வேலையின் கொடுமை அது. அப்படிக் கேட்டு அளந்ததால்தான், தமிழகக் கரையில் அந்த நீர் பெரும்பாலான இடங்களில் இரண்டரை முதல் ஐந்து மீட்டர் வரை ஏறியது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்ல அது போதுமானதாக இருந்தது. பனை உயரம் தேவைப்படவில்லை.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை உட்கார வைத்துக் கணக்கைத் தாளில் போட்டேன். தனுஷ்கோடி மண் கடலுக்கு ஒரு மீட்டர் மேலே என்று வைத்துக்கொள்வோம் என்றேன். மணல்நாக்கு அது, அதிகம் இருக்க வாய்ப்பில்லை. காற்றால் கடல்மட்டம் ஐந்து மீட்டர் ஏறியது என்று வைப்போம். அப்படியானால் வீட்டு வாசலில் நான்கு மீட்டர் தண்ணீர். அதன்மேல் மூன்று மீட்டர் அலை. அலையில் ஏறக்குறைய முக்கால்வாசி நீர்மட்டத்துக்கு மேலேயும் மீதி கீழேயும் இருக்கும். ஆக, நீருக்கு மேல் இரண்டு மீட்டருக்குக் குறையாது. கடலிலிருந்து அளந்தால் அலையின் உச்சி ஏழு மீட்டர். குறைத்துச் சொன்னவர்கள் நீர்மட்டத்தைச் சொல்லியிருக்கலாம்; ஏழு என்றவர்கள் அலையின் உச்சியைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே சரியாக இருக்க முடியும்.

"வீடு?" என்றார்.

முகடு பதினைந்து அடி என்றால் நான்கரை மீட்டர். நீர் நான்கு மீட்டர். வெறும் நீர் மட்டும் என்றால் முகட்டில் உட்கார்ந்திருப்பவரின் காலுக்கு ஒன்றரை அடி கீழே நின்றிருக்கும். ஆனால் அலையின் உச்சி தரையிலிருந்து ஆறு மீட்டர். சில விநாடிக்கு ஒருமுறை முகட்டுக்கு மேல் ஐந்து அடி உயரத்துக்குத் தண்ணீர் கடந்துபோகும். விடிய விடிய. அதுவும் சுவர் நிற்கும்வரைதான். மணலில் போட்ட அஸ்திவாரத்தை ஓடும் நீர் முதலில் அடியிலிருந்து தோண்டிவிடும்.

காற்றின் திசையையும் சொன்னேன். நம் பக்கத்துப் புயலில் காற்று கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். கிழக்கிலிருந்து மையம் நெருங்கும்போது தனுஷ்கோடியில் காற்று வடக்கிலிருந்து வீசியிருக்கும். மையம் கடந்த பின் தெற்கிலிருந்து. அந்தப் பக்கத்து மீனவர்கள் வடக்கே இருக்கும் பாக் கடலை அதன் அமைதிக்காகப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அன்று முதலில் ஏறியது பெண் கடலாகத்தான் இருக்க வேண்டும். பயந்து பழகிய பக்கத்திலிருந்து வரவில்லை. பிறகு காற்று திரும்பியதும் மறுபக்கம். இரண்டு கடலுக்கும் நடுவில் நடந்து தப்பும் அளவுக்குத் தரை இல்லை.

அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். படித்தவர் இல்லை, ஆனால் பாலத்து வேலையில் இருந்தவருக்கு உயரக் கோடு புரியும். "அப்ப ஏறியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். இந்த எண்களில் பாதி நான் வைத்துக்கொண்டவை, நிரூபித்தவை அல்ல என்பதையும் சொன்னேன். "பரவால்ல" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அவன் மேல தப்பு இல்ல" என்றார். பிறகு காப்பி குடித்துவிட்டுப் போனார். அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

* * *

பிலிப்பைன்ஸில் 2013 நவம்பர் 8 அன்று ஹையான் என்ற சூறாவளி தாக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லெய்த்தே தீவின் டக்ளோபான் நகரம், ஆழம் குறைந்து புனல்போலக் குறுகும் ஒரு வளைகுடாவின் முனையில் இருக்கிறது. நீர் அங்கே ஐந்து ஆறு மீட்டர் ஏறியது. பக்கத்துச் சமார் தீவின் கிழக்குக் கரையிலோ பவளப்பாறைத் திட்டு அரணாக இருக்கும் என்று நம்பிய ஊர்கள், அந்தத் திட்டையே தாண்டிச் சுவர்போல வந்த நீரால் அழிந்தன. கலிகோவான் தீவில் சுமார் 180 டன் எடையுள்ள ஒரு பாறை கடலால் நகர்த்தப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் புயலுக்குப் பின் அளந்து கண்டார்கள். நகர்ந்த கல்லிலிருந்து அலையின் வலிமையைக் கணக்கிடுவதும் இந்தத் துறையின் ஒரு வழி.

என்னை அதிகம் பாதித்த செய்தி வேறு. அங்கே எச்சரிக்கை சரியான நேரத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. கடல் ஏறும் என்று ஆங்கிலக் கலைச்சொல்லால் சொல்லியிருந்தார்கள். மக்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இத்தனைக்கும் 1897இல் அதே பகுதியில் அதேபோன்ற ஒரு சூறாவளி வந்து கடல் ஊருக்குள் ஏறியிருக்கிறது. மணிலா வானிலை ஆய்வகத்தின் ஹோசே அல்குவே என்ற ஏசுசபைத் துறவி அதை அடுத்த ஆண்டே ஸ்பானிய மொழியில் நூலாக எழுதி வைத்தார். நூறாண்டு கழித்து அந்தக் கரையில் வாழ்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மொழி தெரிந்திருக்கும்? அளந்தாயிற்று, எழுதியாயிற்று. ஊரின் நாவில் அது சேரவில்லை.

இலக்கியம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். நம் மொழியிலும் இதே பள்ளம் இருக்கிறது.

புயல் என்றால் நமக்குக் கூண்டு ஞாபகம் வரும். பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பதைக் கேட்டே வளர்ந்தோம். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். அவை கப்பல்களுக்கானவை, புயல் எங்கே, எவ்வளவு வலிமையோடு இருக்கிறது என்று சொல்பவை. தண்ணீர் உன் வீட்டில் எவ்வளவு உயரம் வரும் என்பதை அந்த எண்களில் ஒன்றுகூடச் சொல்லாது. கடைசி எண்ணான பதினொன்றுக்கு உரிய பொருள், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது. 1964இல் அந்த இரவு தனுஷ்கோடி இருந்த நிலைக்கு அதைவிடப் பொருத்தமான எண் இல்லை.

காற்றின் வேகத்தை வைத்து நீரின் உயரத்தைச் சொல்லிவிட முடியாது என்பதை உலகமே தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. அமெரிக்கர்களின் புகழ்பெற்ற ஐந்து வகைப் புயல் அளவுகோலில் ஒவ்வொரு வகைக்கும் இத்தனை அடி நீர் என்று முன்பு எழுதியிருந்தார்கள். 2010இல் அதை எடுத்துவிட்டார்கள். ஒரே வேகக் காற்று, ஆழமான கரையில் முழங்கால் நீரையும் ஆழமற்ற கரையில் ஓட்டுக்கு மேல் நீரையும் கொண்டுவரும்.

இப்போது நம்மிடம் வசதிகள் உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் கணினி மாதிரியால் கணக்கிட்டுத் தருகிறது. வானிலைத் துறை அறிக்கையில் சேர்க்கிறது. 2018இல் கஜா புயலின்போது, வழக்கமான ஓதத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் கடல் ஏறித் தாழ்வான பகுதிகளில் புகும் என்று அறிவிப்பு வந்தது. இத்தகைய அறிவிப்பு தமிழ்ச் செய்தியாக மாறும்போது பெரும்பாலும், 'ஒரு மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழும்' என்று ஆகிவிடுகிறது. கடற்கரையில் வாழும் எவரும் ஒரு மீட்டர் அலைக்கு அஞ்ச மாட்டார். தினமும் பார்ப்பதுதானே? கடலே ஒரு மீட்டர் மேலே வந்து, அதன்மேல் அலை அடிக்கப்போகிறது என்பதுதான் செய்தி. மட்டம் என்ற சொல் அலை என்று ஆனதும் எச்சரிக்கை செத்துவிடுகிறது. கஜா கரை கடந்த பின் வேதாரண்யம் பக்கம் புஷ்பவனத்தில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

நமக்குச் சொல் இல்லாமல் இல்லை. ஏறி வடியும் கடல்நீருக்கு ஓதம் என்று பெயர் சங்ககாலம் தொட்டு இருக்கிறது. பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. புயலால் வரும் ஏற்றத்தைப் புயல் ஓதம் என்று சொன்னால் அதில் அலை இல்லை, மட்டம் இருக்கிறது. அறிஞர்கள் வேறு நல்ல சொல் தந்தாலும் சரி. வேண்டியது, கேட்டவுடன் தன் வீட்டுச் சுவரில் ஓர் உயரத்தைப் பார்க்க வைக்கும் சொல்.

தனுஷ்கோடிக்கு இன்று நல்ல சாலை இருக்கிறது. 2017இல் அரிச்சல்முனை வரை திறந்தார்கள். 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலமும் வந்துவிட்டது. இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெருங்கூட்டம் வருகிறது. மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கே ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன. நானும் சிலமுறை போயிருக்கிறேன். இறந்தவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. கடல் இதுவரை வந்தது என்று காட்டும் ஒரு கோட்டை மட்டும் நான் எங்கும் பார்க்கவில்லை. தேவாலயச் சுவரிலேயே வேண்டாம். பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, நீர்மட்டம் எனக் கணிக்கப்படும் உயரத்தில் ஒரு கோடும் அலையின் உச்சி எனக் கணிக்கப்படும் உயரத்தில் இன்னொரு கோடும் போட்டுவைக்கலாம். கண்மாய்க் கலிங்கில் அளவுகல் நடுவது போலத்தான். பெரிய செலவில்லை.

வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். தங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே வாழ்கிற குழந்தைகள் தினமும் அதைப் பார்த்து வளர்வார்கள். பனை உயரம் என்று யாராவது சொன்னால், எந்தப் பனை என்று அவர்கள் கேட்பார்கள்.